நாட் எ டைப்ரைட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வத்தக்குழம்புக்குச் சுண்டைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து என் மகள் கத்தினாள்: "அம்மா, இங்க வாயேன். இது என்னமோ உளறுது!" காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளுக்கு உதவி என்று என்னைக் கூப்பிடுவதே அபூர்வம் என்பதால் கரண்டியோடு ஓடினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. இந்தக் கருவிக்குப் பொருந்தாத வேலை என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி. ஒரு சாதாரண கோப்பைத் திறந்து அச்சடிக்கச் சொன்னதற்கு இந்தப் பதில்.

"இதுக்கு நம்பர் உண்டே, இருபத்தஞ்சா பாரு" என்றேன். பார்த்தாள். இருபத்தைந்துதான். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். "அடியே, இது நம்ம டைப்ரைட்டர்டீ! பேர மாத்திக்கிட்டு வந்திருக்கு" என்று சொல்லி நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்தே போனாள். அதற்குள் அடுப்பில் சுண்டைக்காய் கரியாகிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு.

விஷயம் இதுதான். அந்த இருபத்தைந்தாம் எண்ணுக்கு அந்தக் காலத்தில் வேறு வாசகம். யுனிக்ஸ் என்கிற ரகக் கம்ப்யூட்டரில் எதையாவது செய்யப்போய் அது முடியாவிட்டால் திரையில் ஒரே வரியில் காரணம் சொல்லும். "கோப்பு இல்லை", "அனுமதி இல்லை", இப்படி. அந்த வரிசையில் ஒன்று, "நாட் எ டைப்ரைட்டர்". டைப்ரைட்டர் இல்லை. அவ்வளவுதான். எது டைப்ரைட்டர் இல்லை, யார் அதை டைப்ரைட்டர் என்றது, அதற்கு இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஒரு விவரமும் கிடையாது. எனக்கு இது புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. புரிந்தபோது யாருக்கும் பிரயோஜனமில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளின் கடைசி. உத்திரமேரூர் பஜாரில் ஒரு நாஷ்டா கடை, அதன் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். படியேறும்போது கீழேயிருந்து போண்டா எண்ணெய் வாசனை கூடவே வரும். மேலே போனால் மெஷின் ஆயிலும் ரிப்பன் மையும் கலந்த இன்னொரு வாசனை. இரண்டும் சந்திக்கிற ஏழாவது படியிலோ எட்டாவது படியிலோ எனக்குத் தினமும் பசிக்கும். லோயர், ஹையர் இரண்டும் அங்கேதான் பாஸ் செய்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அமைகிறவரை பெண் சும்மா இருக்க வேண்டாமே என்று அங்கேயே வேலைக்கு விட்டார்கள். மாப்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக என்னை வேண்டாம் என்று சொன்னதால் எனக்கு நல்ல அனுபவம் கிடைத்தது.

இன்ஸ்டிட்யூட் சொந்தக்காரரை ஊரே மாஸ்டர் என்றுதான் சொல்லும். வெள்ளை முழுக்கைச் சட்டை, அதன் நுனியில் எப்போதும் மைக்கறை. ஊரில் பாதிப்பேருக்கு அவர் கையால்தான் விரல் வந்தது. அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். அப்படி ஒரு சுபாவம்.

அவர் ஒருநாள் கம்ப்யூட்டர் வாங்கினார். மெட்ராஸில் யாரோ வைத்திருந்து வேண்டாம் என்று விட்ட யுனிக்ஸ் பெட்டி. டெம்போவில் வந்து இறங்கியது. பூசணிக்காய் சுற்றி உடைத்து, திரைக்குச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தோம். அந்தக் குங்குமம் கண்ணாடியை விட்டுப் போகவே இல்லை. பல மாதம் எல்லா எழுத்தும் பொட்டு வைத்துக்கொண்டுதான் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். கோயிலுக்குள்கூட மாஸ்டர் அவ்வளவு பயபக்தியாகப் போய் நான் பார்த்ததில்லை.

ஆனால் வெளியே வந்து ஜனங்களிடம் பேசும்போது தைரியம் வந்துவிடும். "ஒண்ணும் பயந்துக்காத நைனா. இதுவும் டைப்ரைட்டர்தான். தலைமேல ஒரு டிவி வெச்சிக்கீது, அவ்ளோதான்" என்பார். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "இது டைப்ரைட்டர் இல்ல மாஸ்டர்."

அதுதான் ஸ்டெல்லா. திருப்புலிவனத்துக்காரி. அவள் அப்பா ஆரோக்கியம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டப் போகிறவர். அவர்கள் தெருவில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். கணக்கில் டிகிரி, அதற்குமேல் காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ. அந்த இயந்திரத்தைத் தெரிந்தவள் எங்கள் மாடியில் அவள் ஒருத்திதான். மாஸ்டர் "டைப்ரைட்டர்தான்" என்பதும், அவள் "இல்ல மாஸ்டர்" என்பதும் தினப்படி நடக்கும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மாஸ்டரும் சிரிப்பார், ஆனால் காது மடல் சிவக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

குறும்புக்காரி. என் பிறந்தநாளன்று இயந்திரத்தில் என் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் திரை முழுக்க நட்சத்திரம் போட்டு, "பாயசம் எங்கடி?" என்று இங்கிலீஷ் எழுத்தில் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேலை ஒரு சர்க்கரை ஆலையினுடையது. எந்த ஊரில் யாருடைய கரும்பை எப்போது வெட்டலாம் என்கிற வெட்டு ஆர்டரை ஊர்வாரியாக அச்சடித்துத் தர வேண்டும். புள்ளலூருக்கு ஒரு கோப்பு, திருப்புலிவனத்துக்கு ஒரு கோப்பு என்று ஸ்டெல்லா தட்டி வைத்திருந்தாள். அதைத் திறந்து அச்சடிக்கிற புரோகிராமையும் அவளே எழுதினாள். காலையில் அவள் தன் பெயரில் திறந்து வைப்பாள்; நாங்கள் திரையில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும், பட்டியல் நேராகப் பிரிண்டருக்குப் போய்விடும். பிரிண்டர் போடுகிற கூச்சலில் கீழே நாஷ்டா கடையில் டம்ளர் ஆடும்.

ஒருநாள் ஆலையிலிருந்து வந்த ஆள் காத்திருக்க, ஏதோ ஒரு கோப்பின் பெயர் தப்பாகிவிட்டது. "கோப்பு இல்லை" என்று திரை மொட்டையாகச் சொல்லிவிட்டு நின்றது. மாஸ்டருக்கு அவமானமாகப் போயிற்று. அந்த ஆள் போனதும் ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? வூடு தேடி வந்தவங்கிட்ட எடுத்த எடுப்புலயே 'இல்ல'ன்னு மூஞ்சில அடிச்சாப்புல சொல்றது? நம்ம பக்கத்துல எவனாச்சும் அப்டி சொல்வானா? மொதல்ல 'சாரி சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க'ன்னு போடு. அத்த பேப்பர்ல அடி, கையில குடுத்து அனுப்பலாம். காரணத்த அப்பறமா சொல்லிக்கலாம்."

"காரணம்தான மாஸ்டர் முக்கியம்?"

"மரியாத முக்கியம்."

அவர் சொன்னதும் நியாயம்தானே? பொண்ணு பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தவர்கள்கூட எங்கள் வீட்டில் மழை, விளைச்சல், காபியில் சர்க்கரை எல்லாம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். ஸ்டெல்லா மறுபேச்சு பேசாமல் சாரி வரியைக் காரணத்துக்கு முன்னால் செருகினாள். சாரி காகிதத்துக்கு, காரணம் திரைக்கு. மாஸ்டர் அந்த வரியை மட்டும் தனியாக அச்சடிக்க வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

அப்புறம் ஸ்டெல்லாவுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. நிஜமான கம்பெனி. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கே வேலை பார்த்ததற்கும் நன்னடத்தைக்கும் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் கொண்டுபோனால்தான் எடுத்துக்கொள்வார்கள். மாஸ்டர் முகம் சுருங்கியது. என்றாலும், "வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கோ, நானே அடிச்சி வெக்கிறேன்" என்றார். புதன்கிழமையோடு அவள் நின்றாள்.

வியாழக்கிழமை ஆலை ஆள் வந்து உட்கார்ந்தார். முதல்முறையாக நான் தனியாக இயந்திரத்தின் முன்னால். என் பெயரைக் கொடுத்து உள்ளே போய், திருப்புலிவனத்துக்கு உண்டான எண்ணைத் தட்டினேன். பிரிண்டர் ஒருமுறை இருமி, "சாரி சார், கைண்ட்லி பேர் வித் அஸ்" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரே ஒரு வரி அடித்துவிட்டு நின்றது. திரையைப் பார்த்தேன். "நாட் எ டைப்ரைட்டர்." மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே. புள்ளலூருக்குத் தட்டினேன். புள்ளலூரும் டைப்ரைட்டர் இல்லையாம்.

ஆலை ஆள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "டைப்ரைட்டர் இல்லன்னு சொல்து. கேக்குது போலக்கீது. ஒண்ணு கொண்டாந்து வையேம்மா, இங்கதான் அத்தினி கீதே!"

நீங்கள் சிரிக்கலாம். நான் கொண்டுவந்து வைத்தேன். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு போய் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து மறுபடியும் எண்ணைத் தட்டினேன். எனக்கு அப்போது புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள்.

சத்தம் கேட்டு மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திரையைப் படித்தார். ஒருமுறை படித்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இன்னொரு முறை படித்தார். காது மடல் சிவந்தது. "தெனம் சொன்னத போவச்சொல்ல எழுதி வெச்சிட்டுப் போய்க்கிறா" என்றார். அவ்வளவுதான். ஆலை ஆளுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். அப்புறம் தன் மேஜைக்குப் போய், ஸ்டெல்லாவுக்காக அடித்து வைத்திருந்த சர்டிபிகேட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"மாஸ்டர், அவ அப்டிப்பட்டவ இல்ல" என்றேன். "அப்ப அந்த மெஷினு என்ன பாத்து தானா சொல்லுச்சா?" என்று கேட்டார். ஒரு பாவமும் அறியாத பிறந்தநாள் நட்சத்திரங்கள் என் கண்முன்னால் வந்து நின்றன. செய்திருப்பாளோ? சே, ஸ்டெல்லாவா? ஆனால் பாயசம் கேட்டவள்தானே? மெட்ராஸில் இயந்திரத்தை விற்றவனுக்கு டிரங்க் கால் போட்டோம். நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றான். எதற்கும் அவன் அதைத்தான் சொல்வான். போட்டோம். மறுபடியும் டைப்ரைட்டர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா அப்பாவோடு வந்தாள். புதுப்புடவை. ஆரோக்கியம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல் படியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றால் வரவில்லை.

ஸ்டெல்லாவுக்கு நான் நடந்ததைச் சொன்னேன். உட்கார்ந்தாள், ஏதேதோ தட்டிப் பார்த்தாள். "இந்த ஃபைலுங்க எம் பேர்ல கீதுடி. நீ உம் பேர்ல வந்து தொறந்தா தொறக்காது. அவ்ளோதான்" என்று ஒரு கட்டளை கொடுத்தாள். பிரிண்டர் கடகடவென்று திருப்புலிவனத்தை அடிக்க ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. மாஸ்டருக்கு வேறொன்று வந்துவிட்டது.

"பாத்தியா? இவ கை பட்டதும் ஓடுது! பூட்டினவதான தொறப்பா?"

"மாஸ்டர், பூட்டல. அது அப்டித்தான் வெக்கும். யார் பேர்ல கீதோ அவங்கதான் தொறக்க முடியும்."

"சரி, அது போவட்டும். அப்ப 'அனுமதி இல்ல'ன்னு சொல்லணும். டைப்ரைட்டர் இல்லன்னு ஏன் சொல்லுச்சி?"

ஸ்டெல்லா திரையைத் திரும்பிப் பார்த்தாள். "சத்தியமா தெரில மாஸ்டர். நான் எழுதல."

"நீ எழுதுன புரோகிராமு நீ எழுதாத பேச்ச பேசுமா?"

அவள் விடவில்லை. தான் எழுதிய புரோகிராம் முழுவதையும் காகிதத்தில் அச்சடித்து அவர் முன்னால் விரித்தாள். "நீங்களே பாருங்க மாஸ்டர். எங்கனாச்சும் டைப்ரைட்டர்ன்னு கீதா?" மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் படித்தார். இரண்டு இடத்தில் ஸ்பெல்லிங் திருத்தினார். சாரி வரிக்குப் பெரிதாக ஒரு டிக் போட்டார். கடைசிவரை டைப்ரைட்டர் என்ற சொல் இல்லை. நிமிர்ந்து, "எங்க ஒளிச்சி வெச்சிக்கிறியோ, எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அழுகை இருந்தது. "ஊருக்கெல்லாம் வெரல் புடிச்சிக் குடுத்தவன்மா நானு. ஆல ஆளு முன்னாடி என்ன இப்டி பண்ணிட்டியே."

எனக்கு யாரைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. பின்னே யார்தான் பொய் சொல்வது?

"தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன். எனக்கு வேறொண்ணும் வேணாம்" என்றார் மாஸ்டர்.

ஸ்டெல்லா அசையவில்லை. "பண்ணாத தப்ப எப்டி மாஸ்டர் சொல்றது?"

வாசல் படியிலிருந்து ஆரோக்கியம்தான் பேசினார். "சொல்லிடும்மா. வாய்க்கு இன்னா தேஞ்சா பூடும்? நான் சொல்லாததா? களத்துல மூட்ட கொறஞ்சா நான் சொல்லிக்கீறேன். மாடு மேஞ்சிட்டா நான் சொல்லிக்கீறேன். எது என்னுது, எது என்னுது இல்லன்னு பாத்துக்கினு இருந்தா உன்ன படிக்க வெச்சிருக்க முடியுமா? சொல்லிட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாவுது."

ஸ்டெல்லா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரி மாஸ்டர்" என்றாள். பிரிண்டர் அடிக்குமே, அதே குரல். மேலும் கீழும் இல்லாமல்.

மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து அவள் தலையில் கைவைத்து, "போவட்டும் வுடும்மா, சின்னப் பொண்ணு, வெளையாட்டுப் புத்தி. நல்லா இரு" என்றார். இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கீழேயிருந்து எல்லோருக்கும் போண்டா வரவழைத்தார். ஸ்டெல்லா ஒன்றை எடுத்துப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். போகும்போது அதை என் மேஜையில் வைத்துவிட்டு அப்பாவோடு இறங்கிப் போனாள். அதற்கப்புறம் அந்தப் படிகளை அவள் ஏறவே இல்லை.

நான் கல்யாணமாகி மெட்ராஸ் வந்து, வேலைக்கென்று நானும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னான். இயந்திரத்துக்குள் கடைசியாக நேர்ந்த கோளாறின் எண்ணைக் குறித்துவைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. புதிதாக ஒன்று வந்தால் பழையதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் கோளாறு நேர்ந்த கையோடு காரணத்தைப் படித்துவிட வேண்டும். நடுவில் வேறு எதையும் செய்யக்கூடாது. எங்கள் புரோகிராமோ நடுவில் சாரி சொல்லக் கிளம்பியது. அந்தச் சாரியை அடிக்குமுன் எதிரே இருப்பது டைப்ரைட்டர் மாதிரி ஆள் உட்கார்ந்து தட்டுகிற சாமானா என்று இயந்திரம் தன்பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும். இல்லை, பிரிண்டருக்குப் போகிற வழி என்றதும் "டைப்ரைட்டர் இல்லை" என்று குறித்துக்கொண்டது. அந்த இடத்தில் அதுவரை எழுதியிருந்த "அனுமதி இல்லை" அழிந்துபோயிற்று.

அப்படியென்றால் மாஸ்டரை அவமானப்படுத்தியது மாஸ்டர் கேட்டு வாங்கிய சாரிதான். டிக் போட்டாரே, அந்த வரிதான். நான் அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனேன். திருப்புலிவனத்தில் ஸ்டெல்லா வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். "பெருசு பொண்ணுகிட்ட பூட்டாரு. பொண்ணு வெளிநாடுன்னு சொன்னாங்க, எந்த ஊர்ன்னு தெரில" என்றார்கள். உத்திரமேரூரில் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு மாஸ்டர் வீட்டோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு நல்ல கேள்விகூடக் கேட்டார்.

"புரிஞ்சிதா மாஸ்டர்? அவ எழுதல. அது மெஷினே சொல்றது."

"நல்லா புரிஞ்சிச்சிம்மா" என்றார். "ஆனா அவதான் அன்னிக்கே ஒத்துக்கினாளே. பண்ணாதவ எதுக்கு சாரி சொல்லப் போறா? நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. நான் அவள அப்பவே மன்னிச்சிட்டேன்."

எவ்வளவு பிரியமாகச் சொன்னார் தெரியுமா? காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பண்ணாத தப்புக்கு அவர் கொடுத்த அந்த மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.